ஸ்போர்ட் பைக்கின் முன் ஃபோர்க்கை மாற்றலாமா? கிருஷ்ணகிரி பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கும் தம்பிகள், பர்கூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் வரை வண்டி ஓட்டிவிட்டு வருபவர்கள் என்று பலரும் முன் ஃபோர்க் பற்றியே கேட்கிறார்கள். நம் ஊரில் முன் சாக்கப்சர் என்று சொல்வதும் இதைத்தான். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதிலை எழுதி வைக்கிறேன்.

அண்ணா, என் வண்டிக்கு யூஎஸ்டி (தலைகீழ்) ஃபோர்க் போட்டுத் தருவீர்களா?

போடலாம். ஆனால் அதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: இப்போது இருக்கும் ஃபோர்க்கில் என்ன குறை? “பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்பென்று இறங்குகிறது”, “வளைவில் மூக்கு ஆடுகிறது”, “பள்ளத்தில் விழுந்தால் கை வலிக்கிறது” என்ற மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் பதிலாக வரும். இவற்றில் பலவற்றைப் புது ஃபோர்க் வாங்காமலே தீர்த்துவிடலாம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். யூஎஸ்டிக்கு முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தார். சரி, முதலில் திறந்து பார்ப்போம் என்று ஃபோர்க்கின் இரண்டு காலையும் (சக்கரத்துக்கு இரு பக்கமும் நிற்கும் குழாய்களை) கழற்றி ஆயிலைத் தனித்தனி டப்பாவில் கவிழ்த்தேன். சாம்பல் கலந்த டீ டிகாஷன் மாதிரி வந்தது. டப்பாவை வெயிலில் சாய்த்தால் அடியில் வெள்ளிப்பொடி போல உலோகத்தூள் மின்னியது. இடது காலில் இருந்த ஆயில் வலது காலில் இருந்ததில் பாதிகூட இல்லை. வண்டி வாங்கியதிலிருந்து ஒருமுறைகூட ஃபோர்க் ஆயில் மாற்றவே இல்லையாம். கழுவி, புது சீல் போட்டு, இரண்டு காலிலும் ஒரே மட்டத்துக்கு ஆயில் ஊற்றிக் கொடுத்தேன். மறுநாள் போன் செய்து, “அண்ணா, வேற வண்டி மாதிரி இருக்கு” என்றார். முன்பணம் அவர் கையிலேயே இருந்தது.

இன்ஜின் ஆயிலைத் தேதி பார்த்து மாற்றுகிற நாம் ஃபோர்க் ஆயிலை மறந்துவிடுகிறோம். நம் சாலைகளில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்பது என் கணக்கு.

யூஎஸ்டி என்றால் என்ன? உண்மையிலேயே சாதா ஃபோர்க்கைவிட நல்லதா?

சாதா ஃபோர்க்கில் மெல்லிய குரோம் குழாய் மேலே ‘டி’யில் (இரண்டு காலையும் ஸ்டீயரிங் தண்டோடு சேர்த்துக் கவ்வும் பிடி; மேல் டி, கீழ் டி என்று இரண்டு இருக்கும்) பிடிக்கப்பட்டிருக்கும், தடித்த குழாய் கீழே சக்கரத்தோடு இருக்கும். யூஎஸ்டியில் இது தலைகீழ். தடித்த குழாய் மேலே, குரோம் குழாய் கீழே.

பிரேக் பிடிக்கும்போது தரை சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த வளைக்கும் விசை ஃபோர்க்கில் எந்த இடத்தில் அதிகம் என்றால், கீழ் டி பிடித்திருக்கும் இடத்தில்தான். கடப்பாரையை மண்ணில் பாதி புதைத்துவிட்டு நுனியைத் தள்ளிப் பாருங்கள், மண் பிடித்திருக்கும் இடத்தில்தான் அது வளையப் பார்க்கும். அந்த இடத்தில் தடித்த குழாயை வைப்பதுதான் யூஎஸ்டியின் முக்கியப் பலன். வேகமாக வளைவில் இறங்கிப் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் முறுக்காமல் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஆனால் குழாய்க்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். உள்ளே மலிவான டாம்பிங் (ஃபோர்க்கின் ஆட்டத்தை ஆயிலால் அடக்கும் அமைப்பு) வைத்த யூஎஸ்டியும் உண்டு, அருமையான டாம்பிங் வைத்த சாதா ஃபோர்க்கும் உண்டு. தங்க நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாதா ஃபோர்க்கில் சீல் தடித்த குழாயின் மேல் விளிம்பில் இருக்கும்; கசிந்தால் மெதுவாகத்தான் கசியும். யூஎஸ்டியில் சீல் அடியில், ஆயிலுக்குள்ளேயே மூழ்கி இருக்கும். சீல் போனால் முழு ஆயிலும் இறங்கி, பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிபர் பக்கம் வழியும். பிரேக் பேடில் ஆயில் பட்டால் பிரேக் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்டியில் ஈரம் தெரிந்த அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

நம் ஊரில் எந்த வண்டிகளில் கம்பெனியிலிருந்தே யூஎஸ்டி வருகிறது?

கேடிஎம் டியூக் 390, ஆர்சி 390 இரண்டிலும் தொடக்கத்திலிருந்தே டபிள்யூபி கம்பெனியின் 43 மி.மீ. யூஎஸ்டி ஃபோர்க். 2017 டிசம்பரில் வந்த அப்பாச்சி ஆர்ஆர் 310 நம் ஓசூரில் செய்யப்படும் வண்டி. அதிலும் முதலிலிருந்தே யூஎஸ்டிதான். 2021 முதல் அட்ஜஸ்ட் செய்யும் ஃபோர்க்கோடும் அதைக் கேட்டு வாங்க முடிந்தது.

யமஹா ஆர்15 கதை கொஞ்சம் வேறு. மூன்றாம் பதிப்பு இந்தோனேசியாவில் யூஎஸ்டியோடு விற்றது. இங்கே சாதா ஃபோர்க்கோடு வந்தது. 2021-ல் வந்த நான்காம் பதிப்பில்தான் நமக்கு 37 மி.மீ. யூஎஸ்டி கிடைத்தது. அதனால் மூன்றாம் பதிப்பு வைத்திருப்பவர்கள்தான் மாற்றித் தரச் சொல்லி என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

சேக் என்கிறார்களே, அது என்ன? வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். ஃபோர்க்கில் எந்த மாற்றமும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் சேக்.

ஒரு கேபிள் டை, ஒரு டேப், உதவிக்கு இரண்டு பேர் போதும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுவதும் நீண்டிருக்கும்போது வெளியே தெரியும் குரோம் பகுதியின் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறி, நீங்கள் ஓட்டும் நிலையிலேயே உட்காருங்கள். ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் முன்பக்கத்தை லேசாகத் தூக்கி மெதுவாக விட வேண்டும். நின்ற இடத்தில் ஒரு அளவு. அப்புறம் கீழே அழுத்தி மெதுவாக விட வேண்டும். நின்ற இடத்தில் இன்னொரு அளவு. இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் உங்கள் சேக் வந்துவிடும்.

ஸ்போர்ட் பைக்குகளில் முன் ஃபோர்க் மொத்தம் 110 முதல் 140 மி.மீ. வரை ஓடும். அதில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் சேக் இருந்தால் சாலைக்கு நல்லது. சுமார் 35 மி.மீ. என்று வைத்துத் தொடங்கலாம். 50 வந்தால் உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மென்மை. 20-தான் என்றால் ஸ்பிரிங் கடினம் அல்லது பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவு) அதிகம்.

தூக்கி விட்ட அளவுக்கும் அழுத்தி விட்ட அளவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் ஃபோர்க்கில் உரசல் அதிகம் என்று அர்த்தம். சீல் காய்ந்திருக்கலாம், குழாய் வளைந்திருக்கலாம், ஆக்சில் இறுக்கும்போது இரண்டு காலும் கோணலாக நின்றிருக்கலாம். கடைசிக் காரணத்தை ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம்: ஆக்சில் நட்டை இறுக்கிவிட்டு, ஆக்சிலைக் கவ்வும் சிறு போல்டைத் தளர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்குங்கள். கால் தன் இடத்துக்கு வந்து நிற்கும். பிறகு அந்தப் போல்டை இறுக்குங்கள்.

அளந்து முடித்ததும் கேபிள் டையை குரோம் குழாயில் சீலை ஒட்டி விட்டுவிடுங்கள். தொப்பூர் இறக்கத்திலோ மேலுமலையிலோ ஒருமுறை போய்வந்து பார்த்தால், ஃபோர்க் அதிகபட்சம் எதுவரை இறங்கியது என்று அதுவே காட்டும். சாதாரண ஓட்டத்திலேயே முழு தூரமும் ஓடி இடித்திருந்தால் ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம்.

பிரேக் பிடித்தால் இறங்குகிறது. தடித்த ஆயில் ஊற்றினால் போதுமே?

இது பல பட்டறைகளில் செய்வதுதான். ஆனால் பாதி வைத்தியம்.

பெரும்பாலான சாதா ஃபோர்க்குகளில் டாம்பிங் ராடு என்னும் குழாயில் சில துளைகள் மட்டும் இருக்கும். அந்தத் துளைகள் வழியாக ஆயில் நெருக்கிப் போவதுதான் தடை. ஃபோர்க் மெதுவாக நகரும்போது தடை மிகக் குறைவு. வேகமாக நகரும்போது தடை பல மடங்கு ஏறும். பிரேக் பிடித்து இறங்குவது மெதுவான நகர்வு. பள்ளத்தில் விழுவது வேகமான நகர்வு. ஆயிலைத் தடிப்பாக்கினால் இறக்கம் கொஞ்சம் குறையும், ஆனால் ஊர் ஊருக்கு இருக்கும் வேகத்தடைகளிலும் பள்ளங்களிலும் கை அதிரும். பாரூர் பக்கம் கிராமச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் மணிக்கட்டு சொல்லிவிடும்.

இறக்கத்தைத் தாங்க வேண்டியது ஸ்பிரிங். உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு, ஆயிலைக் கம்பெனி சொன்ன தடிமனிலேயே விடுங்கள். செலவுக்குக் கிடைக்கும் பலனில் இதை மிஞ்ச எதுவும் இல்லை என்பதே என் அனுபவம்.

ஆயில் வாங்கும்போது ஒன்று: டப்பாவில் 10டபிள்யூ என்று போட்டிருந்தாலும் ஒரு கம்பெனியின் 10-உம் இன்னொன்றின் 10-உம் ஒரே தடிமன் கிடையாது. 40 டிகிரி வெப்பத்தில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்று பின்பக்கம் போட்டிருப்பார்கள், அதை ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஆயில் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

மில்லி கணக்கு தோராயத்துக்குத்தான். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, காற்றுக்குமிழி போகும்வரை ராடை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, குழாயின் விளிம்பிலிருந்து ஆயில் வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். சரியான தூரம் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இரண்டு காலிலும் ஒரே அளவு வர வேண்டும். ஆயில் மட்டம் ஏற ஏற மேலே உள்ள காற்று குறையும். அமுங்கும் தூரத்தின் கடைசியில் அது இன்னொரு ஸ்பிரிங் போலத் தாங்கும். 5 மி.மீ. மாற்றத்தையே உணர முடியும்.

எமுலேட்டர், கார்ட்ரிட்ஜ் என்பதெல்லாம் நமக்குத் தேவையா?

எமுலேட்டர் என்பது டாம்பிங் ராடின் தலையில் உட்காரும் சிறு வால்வு. மெதுவான நகர்வில் மூடியிருந்து தடை தரும். பள்ளத்தில் அழுத்தம் ஏறினால் திறந்து ஆயிலை விட்டுவிடும். மேலே சொன்ன சிக்கலுக்கு நேரான மருந்து இதுதான். ஆனால் இதைப் போட டாம்பிங் ராடின் கீழ்த் துளைகளைப் பெரிதாக்க வேண்டும். துளைத்தால் துளைத்ததுதான், பழையபடி ஆக்க முடியாது. ராடு தனியாகக் கிடைக்குமா என்று பார்த்து, இன்னொன்று வாங்கி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கார்ட்ரிட்ஜ் என்பது உள்ளே இருப்பதை முழுவதும் எடுத்துவிட்டு வேறு தொகுப்பை வைப்பது. செலவு அதிகம். கோவை செட்டிபாளையம் கரி டிராக்கிலோ சென்னை இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ தொடர்ந்து ஓட்டுபவர் என்றால் பேசலாம். ஓசூருக்கு வேலைக்குப் போய்வர மட்டும் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேறு வண்டியின் ஃபோர்க்கை என் வண்டியில் மாட்டினால் என்னென்ன பார்க்க வேண்டும்?

இதை நிதானமாகப் படியுங்கள்.

முதலில் டியின் தண்டு. அதன் நீளமும், கோன் செட் (ஸ்டீயரிங் திரும்பும் பேரிங்) உட்காரும் இடங்களின் தடிமனும் உங்கள் வண்டியின் சேசிஸோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சிலர் லேத்தில் கடைந்து, பழைய தண்டை வெட்டி, புது டியில் வெல்டிங் வைக்கிறார்கள். அலுமினிய டியில் இரும்புத் தண்டை அழுத்திப் பொருத்துவது துல்லியமான வேலை. வெல்டிங் வைத்து ஒப்பேற்றும் இடமே அல்ல. அப்படி வந்த வண்டியை நான் தொடுவதில்லை.

அடுத்தது ஆஃப்செட், அதாவது தண்டின் மையத்துக்கும் ஃபோர்க் கால்களின் மையத்துக்கும் உள்ள தூரம். ஸ்டீயரிங் தண்டின் கோட்டைத் தரைவரை நீட்டிப் பார்த்தால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் விழும். அந்த இடைவெளிக்குப் பெயர் ட்ரெயில். நாற்காலிச் சக்கரம் நாம் தள்ளும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வது போல, வண்டி நேராக ஓடுவதற்கு இந்த ட்ரெயில்தான் காரணம். ஸ்டீயரிங் தண்டுக்கு 25 டிகிரி சாய்வும் 300 மி.மீ. ஆரமுள்ள சக்கரமும் உள்ள வண்டியில் ஆஃப்செட்டை 5 மி.மீ. கூட்டினால் ட்ரெயில் சுமார் 5.5 மி.மீ. குறையும். கேட்கச் சின்ன எண். ஆனால் நால்வழிச் சாலையில் வேகமாகப் போகும்போது லாரிக் காற்றுக்கு முன்பக்கம் ஆடுவதை வைத்து அதைத் தெரிந்துகொள்வீர்கள்.

ஃபோர்க்கின் மொத்த நீளமும் அப்படித்தான். 1,350 மி.மீ. வீல்பேஸ் (இரு சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்) உள்ள வண்டியில் ஃபோர்க் 10 மி.மீ. குட்டையானால் சாய்வு ஏறத்தாழ 0.4 டிகிரி நிமிரும், ட்ரெயில் இரண்டரை மி.மீ. அளவுக்குக் குறையும். வண்டி சட்டென்று திரும்பும், ஆனால் நேராக நிற்கும் பிடிமானம் குறையும்.

பிறகு சக்கரம், ஆக்சில், டிஸ்க், காலிபர். ஃபோர்க்கோடு அதே வண்டியின் சக்கரத்தையும் சேர்த்து மாற்றுவதுதான் சுலபம். ஏபிஎஸ் உள்ள வண்டியில் சென்சார் வளையத்தின் பல் எண்ணிக்கை மாறினால் ஏபிஎஸ் சக்கர வேகத்தைத் தப்பாகப் படிக்கும். விளக்கு எரியவில்லை என்பதற்காக ஏபிஎஸ் சரியாக இருக்கிறது என்று நம்ப வேண்டாம்.

கடைசியாக, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன் என் சொந்த வண்டிக்கு வேறு ஃபோர்க் மாட்டினேன். நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் ஒரு வளைவில் குரங்கு குறுக்கே வர, அழுத்திப் பிரேக் பிடித்தேன். கரக் என்று ஒரு சத்தம், முன்சக்கரம் ஒரு கணம் நின்று விட்டது. விழவில்லை. ஓரம் கட்டிப் பார்த்தால் மட்கார்டின் பின்விளிம்பு உடைந்திருந்தது. ரேடியேட்டர் காப்பில் டயர் உரசிய கருப்புத் தடம். முழுவதும் அமுங்கும்போது சக்கரம் எங்கே போய் நிற்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து எந்த ஃபோர்க் மாட்டினாலும், முதலில் ஸ்பிரிங் இல்லாமல் மாட்டி, வண்டியை முழுவதும் இறக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்கிறேன். டயருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே என் விரல் நுழைய வேண்டும். ஹேண்டில் டேங்கில் கட்டைவிரலை நசுக்கக் கூடாது. பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடக் கூடாது.

காயலாங்கடையில் ஒற்றைக் கால் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். சில ஃபோர்க்குகளில் ஒரு காலில் கம்ப்ரெஷன் (அமுங்கும்போது தரும் தடை), மறு காலில் ரீபவுண்ட் (மேலே எழும்போது தரும் தடை) என்று பிரித்து வைத்திருப்பார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வாங்கினால் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக, டியோடு சேர்த்து வாங்குங்கள். அந்த வண்டி எப்படிக் காயலாங்கடைக்கு வந்தது என்றும் கேளுங்கள். முன்பக்கம் மோதி வந்ததென்றால் விட்டுவிடுங்கள்.

கீழே விழுந்த பிறகு ஹேண்டில் ஒரு பக்கம் கோணலாக நிற்கிறது. ஃபோர்க் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கால்கள் டிக்குள் முறுக்கி நின்றிருக்கும். ஆக்சிலையும் டி போல்டுகளையும் தளர்த்தி, நேர் பார்த்து மறுபடி இறுக்கினால் சரியாகிவிடும்.

சந்தேகம் என்றால் குரோம் குழாயைத் தனியாகக் கழற்றி, தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். வளைவு இருந்தால் கண்ணாடிக்கும் குழாய்க்கும் நடுவே வெளிச்சம் வந்து வந்து போகும். பெண்ட் எடுத்துத் தருகிறோம் என்பார்கள். மெல்லிய வளைவை எடுக்கலாம்தான், ஆனால் மடிப்பு விழுந்த குழாயையும் குரோம் விரிசல் கண்ட குழாயையும் மாற்றியே ஆக வேண்டும்.

சீல் அடிக்கடி போகிறது. ஏன்?

கிரானைட் தூளும் செம்மண் புழுதியும் நம் பக்கத்துச் சாலைகளின் இயல்பு. டஸ்ட் சீலுக்குள் மண் புகுந்தால் ஆயில் கசியத் தொடங்கும். உடனே சீல் மாற்றாமல், டஸ்ட் சீலை அதன் இடத்திலிருந்து நகர்த்தி, பழைய எக்ஸ்ரே பிலிமில் கொக்கி போல ஒரு துண்டு வெட்டி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டு ஒரு சுற்று சுற்றி எடுங்கள். கருப்பாக மண் வரும். பல நேரம் கசிவு அதோடு நின்றுவிடும்.

நிற்கவில்லை என்றால் குரோம் குழாயில் நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் இடத்தில் கல்பட்ட கொத்து இருக்கும். எத்தனை சீல் போட்டாலும் அது அறுத்துவிடும்.

சட்டப்படி மாற்றலாமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. கம்பெனி ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங், ஆயில் மாற்றுவது ஒரு ரகம். வேறு வண்டியின் முன்பக்கத்தையே மாட்டுவது வேறு ரகம். இரண்டாவதைச் செய்வதாக இருந்தால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

என் மகன் ஃபோர்க் மாற்ற வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். ஆபத்தா? (பாலக்கோட்டிலிருந்து ஒரு தந்தை கேட்டது)

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஃபோர்க் கழன்றாலோ பிரேக் போனாலோ திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. மகனைத் திட்டாமல் என்னிடம் அழைத்து வாருங்கள். அவன் எடைக்கு சேக் அளந்து, ஸ்பிரிங்கும் ஆயிலும் முன் டயரும் நல்லதாகப் போட்டுத் தருகிறேன். அவனுக்கு வேண்டிய மாற்றம் அதிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் கேட்டால், வண்டியோடு பொருந்தும் முழுத் தொகுப்பு கிடைக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

மாட்டி முடித்தாயிற்று. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

டி போல்டுகளையும் ஆக்சில் போல்டுகளையும் டார்க் ரென்ச்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கியிருக்க வேண்டும். கை அளவு போதாது. கீழ் டியை அதிகம் இறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே உரசும். முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கோன் செட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. ஹேண்டிலை லேசாகத் தட்டினால் தன் எடையிலேயே இரு பக்கமும் விழ வேண்டும், நடுவில் மாட்டக் கூடாது. வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் லீவரை நாலைந்து முறை அழுத்தி, கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். காலிபர் கழற்றி மாட்டிய பிறகு முதல் அழுத்தத்தில் லீவர் வெறுமனே உள்ளே போய்விடும்.

பிறகு கே.ஆர்.பி. அணைப் பக்கம் போல வண்டி குறைவான சாலையில் 30, 40 வேகத்தில் ஓட்டிப் பிரேக் பிடித்துப் பாருங்கள். முதல் நாளே தொப்பூர் வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைக் கொண்டு வாருங்கள். எல்லா போல்டையும் மறுபடி டார்க் பார்த்து, கேபிள் டை எதுவரை இறங்கியிருக்கிறது என்று அளந்து, தேவையென்றால் பிரீலோடைத் திருப்பித் தருகிறேன். அதற்குக் கூலி வாங்குவதில்லை.